விழுந்தவர்களைத் தூக்கிவிட்ட இரத்தசாட்சி

சபைச் சரித்திரப் பாடம்: கார்த்தேஜ் பட்டணத்துக் கண்காணி சிப்ரியான்
வேத வாசிப்பு: லூக்கா 22:31-34, 54-62, 2 கொரிந்தியர் 2:5-11, கலாத்தியர் 6:1



இரத்தசாட்சிகளைப் பற்றி நாம் எத்தனையோ பிரசங்கம் கேட்டிருக்கிறோம். சிங்கத்தைக் கண்டும் கலங்கவில்லை, நெருப்பைக் கண்டும் பின்வாங்கவில்லை என்று ஊழியக்காரர் சொல்லச் சொல்ல நமக்கு உடம்பெல்லாம் சிலிர்க்கும். அல்லேலூயா என்று சத்தமிடுவோம். ஜெபம் முடிந்து வீட்டுக்குப் போவோம். ஆனால் ஒரு கேள்வியை மட்டும் நாம் கேட்பதே இல்லை. அந்த நாட்களில் நிற்க முடியாமல் விழுந்துபோன விசுவாசிகள் என்ன ஆனார்கள்? பயந்துபோய்க் கர்த்தரை மறுதலித்துவிட்டு, பிறகு அழுதுகொண்டு திரும்பி வந்தவர்களைச் சபை என்ன செய்தது?

சில மாதங்களாக இந்தக் கேள்வி என்னைத் தூங்கவிடவில்லை. அதற்கு ஒரு காரணம் உண்டு. அதிலே என் தப்பும் இருக்கிறது. அதைக் கடைசியில் சொல்லுகிறேன். முதலில் இந்தக் கேள்விக்குப் பதில் தேடித் தன் ஜீவனையே கொடுத்த ஒரு தேவ மனிதனைப் பார்ப்போம்.

1. யார் இந்தச் சிப்ரியான்?

ஆப்பிரிக்காவின் வடகரையில், மத்தியதரைக் கடலோரத்தில் கார்த்தேஜ் என்று ஒரு பட்டணம். இன்றைக்கு அது துனிசியா தேசத்தில், துனிஸ் நகரத்தை ஒட்டி இருக்கிறது. ரோம ராஜ்யத்தின் மாபெரும் பட்டணங்களில் ஒன்றாக இருந்தது. அங்கே சிப்ரியான் பேர்பெற்ற பேச்சுக்கலை ஆசிரியர். செல்வமும் செல்வாக்கும் உள்ளவர். சொந்தமாகத் தோட்டம், வீடு எல்லாம் இருந்தது.

கெசிலியன் என்ற வயதான மூப்பர் ஒருவர் மூலமாக இவர் கர்த்தரை அறிந்துகொண்டார். 246-ம் ஆண்டு வாக்கில் ஞானஸ்நானம் பெற்றார். தன் சொத்தை விற்று ஏழைகளுக்குக் கொடுத்தார். அந்த மூப்பர் மரிக்கும்போது தன் மனைவியையும் பிள்ளைகளையும் இவர் கையில்தான் ஒப்புவித்துவிட்டுப் போனாராம். அப்படி நம்பத்தக்க மனுஷன். இரட்சிக்கப்பட்டுச் சில வருஷங்களுக்குள்ளேயே, 249-ம் ஆண்டு வாக்கில், ஜனங்கள் இவரைச் சபையின் கண்காணியாகத் தெரிந்துகொண்டார்கள். நேற்று வந்தவனுக்கு இந்தப் பொறுப்பா என்று ஐந்து மூப்பர்கள் முறுமுறுத்தார்கள். இது எல்லாச் சபையிலும் நடக்கிற காரியம்தானே!

இவர் எழுதியதும் இவருக்கு வந்ததுமாக 80-க்கு மேற்பட்ட கடிதங்கள் இன்றைக்கும் நம் கையில் இருக்கின்றன. ஆகையால் நாம் பார்க்கப் போகிறது கட்டுக்கதை இல்லை. சபை இரத்தம் சிந்தின அந்த நாட்களிலேயே எழுதப்பட்ட சங்கதிகள்.

2. ஒரு சீட்டு

249-ம் ஆண்டு டீசியஸ் என்பவன் ரோம இராயன் ஆனான். ராஜ்யத்துக்கு வந்த ஆபத்தெல்லாம் தேவர்களை ஜனங்கள் மறந்ததால்தான் என்று எண்ணி, ஒரு கட்டளை பிறப்பித்தான். ராஜ்யத்திலுள்ள எல்லாரும் தேவர்களுக்குப் பலியிட வேண்டும். பானபலி ஊற்ற வேண்டும். பலியின் மாம்சத்தை ருசிபார்க்க வேண்டும். இதையெல்லாம் அதிகாரிகளுக்கு முன்பாகச் செய்து, செய்தேன் என்று ஒரு சீட்டு வாங்கிக்கொள்ள வேண்டும்.

அந்தச் சீட்டுகளில் 40-க்கு மேற்பட்டவை எகிப்து தேசத்து மணலில் கிடைத்திருக்கின்றன. 250-ம் ஆண்டு ஜூன், ஜூலை மாதத் தேதி போட்டவை. ரேஷன் கடைக்கு மனு எழுதுகிற மாதிரி ஒரே வாசகம்தான். இன்னார், இன்ன ஊர். நான் எப்போதும் தேவர்களுக்குப் பலியிட்டு வந்தேன். இப்போதும் உங்கள் முன்பாகச் செய்தேன். கையெழுத்துப் போட்டுத் தாருங்கள். அவ்வளவுதான். கிறிஸ்துவைத் திட்டு என்றுகூடக் கேட்கவில்லை. ஒரு கிள்ளுத் தூபம், ஒரு வாய் மாம்சம், ஒரு கையெழுத்து. சத்துரு எப்பவுமே காரியத்தைச் சின்னதாக்கித்தான் காட்டுவான், பாருங்க.

பிரியமானவர்களே, சபை பல வருஷம் சமாதானமாய் இருந்து சுகம் கண்டிருந்த காலம் அது. திடீரென்று காற்று அடித்தது. கார்த்தேஜில் பெருங்கூட்டம் விழுந்தது. யாரும் வந்து பிடிப்பதற்கு முன்பே, தாங்களாகவே பலிபீடத்துக்கு ஓடினார்கள் என்று சிப்ரியான் மனம் உடைந்து எழுதுகிறார். பொழுது போய்விட்டது, நாளைக்கு வாருங்கள் என்று அதிகாரிகள் சொன்னால், இன்றைக்கே முடித்துவிடுங்கள் என்று கெஞ்சினார்களாம். கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு போனவர்களும் உண்டு.

இன்னொரு கூட்டம் வேறு வழி பார்த்தது. பலியிடவில்லை, ஆனால் அதிகாரிக்குப் பணம் கொடுத்துச் சீட்டை மட்டும் வாங்கிக்கொண்டது. கையில் தூபம் படவில்லை, வாயில் மாம்சம் படவில்லை, அதனால் பாவம் இல்லை என்று நினைத்தார்கள். நம்மிலும் இப்படிக் கணக்குப் பார்க்கிறவர்கள் உண்டல்லவா?

3. மேய்ப்பன் ஓடிப்போனானா?

அந்த நேரத்தில் கண்காணி சிப்ரியான் எங்கே? தெருவிலே ஜனக்கூட்டம், அவனைச் சிங்கத்துக்குப் போடு என்று கத்தியது. அவரோ பட்டணத்தைவிட்டு வெளியேறி மறைந்துகொண்டார். அவருடைய சொத்து பறிமுதல் செய்யப்பட்டது.

ரோமாபுரியில் கண்காணியாக இருந்த ஃபேபியன் 250-ம் ஆண்டு ஜனவரி மாதம் இரத்தசாட்சியாய் மரித்தார். அந்தச் சபையிலிருந்து கார்த்தேஜுக்கு ஒரு கடிதம் வந்தது. யோவான் 10-ம் அதிகாரத்தில் ஓநாய் வருகிறதைக் கண்டு ஓடுகிற கூலியாளைப் பற்றி வாசிக்கிறோமே, அதைச் சாடையாகச் சுட்டிக்காட்டி எழுதியிருந்தார்கள். கையெழுத்தில்லாத கடிதம். சிப்ரியான் அதை ரோமாபுரிக்கே திருப்பி அனுப்பி, இது உங்களுடையதுதானா, பார்த்துச் சொல்லுங்கள் என்று கேட்டார்.

அவர் ஓடினது சரியா, தப்பா? ஒரு பட்டணத்தில் துன்பப்படுத்தினால் மறுபட்டணத்துக்கு ஓடிப்போகும்படி ஆண்டவரே சொல்லியிருக்கிறார் (மத். 10:23). பவுலைக் கூடையில் வைத்து மதில் வழியாய் இறக்கிவிட்டார்கள் (அப். 9:25). எரேமியாவையும் பாருக்கையும் கர்த்தரே மறைத்துவைத்தார் (எரே. 36:26). மறைந்திருந்தவர்கள் என்ன செய்தார்கள்? ராஜா எரித்துப்போட்ட சுருளைத் திரும்பவும் எழுதினார்கள். சிப்ரியானும் அப்படியே எழுதிக்கொண்டே இருந்தார். மறைவிடத்திலிருந்து தான் அனுப்பின 13 கடிதங்களை ரோமாபுரிச் சபைக்குக் கணக்குக் காட்டினார். சிறையில் இருக்கிறவர்களுக்குச் சாப்பாடு போகிறதா, விதவைகளுக்கும் வியாதியஸ்தருக்கும் பணம் போய்ச் சேர்கிறதா என்று விசாரித்தார். தன் கையிலிருந்த பணத்தையும் அனுப்பினார்.

ஆனாலும் ஓடிப்போனவன் என்ற பேச்சு அவர்மேல் ஒட்டிக்கொண்டது. வாள் விழுகிற நாள்வரைக்கும் அதை அவர் சுமந்தார். கர்த்தர் இப்படி அவமானப்பட்ட ஒருவரையே விழுந்தவர்களுடைய வழக்கை விசாரிக்க வைத்தாரே, அதை நினைத்தால் எனக்கு ஆச்சரியமாயிருக்கிறது.

4. இன்னொரு சீட்டு

உபத்திரவம் முழுவதும் முடியுமுன்னே விழுந்தவர்கள் சபைக்குத் திரும்ப ஆரம்பித்தார்கள். அழுகையோடு வந்தவர்களும் உண்டு, அதட்டலோடு வந்தவர்களும் உண்டு.

சிறையில் வாதிக்கப்பட்டும் மறுதலிக்காமல் நின்றவர்களுக்குச் சபையில் பெரிய மரியாதை இருந்தது. விழுந்தவர்கள் அவர்களிடம் போய்ச் சிபாரிசுச் சீட்டு வாங்கினார்கள். இவரை ஐக்கியத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று அவர்கள் எழுதிக் கொடுத்தார்கள். ஆரம்பத்தில் அன்பினால் கொடுத்தது. பிறகு இவரையும் இவரைச் சேர்ந்தவர்களையும் என்று ஆள் கணக்கில்லாமல் கொடுக்கத் தொடங்கினார்கள். சில மூப்பர்களும் கண்ணீர் இல்லை, விசாரணை இல்லை, நேரே திருவிருந்தில் கையை நீட்டு என்று விட்டுவிட்டார்கள்.

பாருங்க, அதிகாரியிடம் ஒரு சீட்டு வாங்கிக் கர்த்தரை மறுதலித்தவன், இப்போது சகோதரனிடம் ஒரு சீட்டு வாங்கிக் கர்த்தரிடம் சேர்ந்துவிடலாம் என்று நினைக்கிறான்! இருதயத்தில் ஒரு காரியமும் நடக்கவில்லை.

சிப்ரியான் இதற்குச் சம்மதிக்கவில்லை. அழுகி இருக்கிற புண்ணைச் சுத்தம் பண்ணாமல் மேலே கட்டுப்போட்டால் அது உள்ளே இன்னும் அழுகும் என்பது அவருடைய நியாயம். மரணப்படுக்கையில் இருக்கிறவர்களைத் தவிர மற்றவர்கள் காத்திருக்கட்டும். கர்த்தர் சமாதானம் தரும்போது கூடி உட்கார்ந்து ஒவ்வொருவர் காரியத்தையும் விசாரிப்போம் என்றார். மனந்திரும்புதல் இல்லாத மன்னிப்பை அவர் விற்கவில்லை.

5. பூட்டின கதவு

டீசியஸ் 251-ம் ஆண்டு கோத்தியரோடு நடந்த யுத்தத்தில் மாண்டுபோனான். அதே வருஷம் சிப்ரியான் கார்த்தேஜுக்குத் திரும்பினார். அப்போது ரோமாபுரியில் எதிர்ப்பக்கத்துப் பிரச்சினை கிளம்பியது.

அங்கே கொர்நேலியு என்பவரைக் கண்காணியாகத் தெரிந்துகொண்டார்கள். நொவேஷியன் என்ற மூப்பர் இதை ஏற்காமல் தானும் ஒரு கண்காணியாக எழும்பினார். மெத்தப் படித்தவர். முன்னே ரோமாபுரிச் சபைக்காகச் சிப்ரியானுக்குக் கடிதம் எழுதிக்கொடுத்தவரே அவர்தான். மறுதலித்தவன் எவ்வளவு அழுதாலும் அவனைத் திரும்பச் சேர்க்கச் சபைக்கு அதிகாரம் இல்லை; கர்த்தர் பார்த்துக்கொள்ளட்டும் என்றார் அவர். சபை பரிசுத்தமாயிருக்க வேண்டுமென்றால் கதவைப் பூட்டு!

கேட்க எவ்வளவு பரிசுத்தமாய்த் தோன்றுகிறது! நானும் ஒரு காலத்தில் இப்படிப் பிரசங்கித்தவன்தான்.

சிப்ரியான் இதையும் எதிர்த்தார். வாசல் திறக்கவே திறக்காது என்று சொல்லிவிட்டு, வெளியே நின்று அழு என்று சொன்னால் எவன் அழுவான்? நம்பிக்கையை எடுத்துவிட்டால் அவன் உலகத்துக்கே போய்விடுவான், இல்லாவிட்டால் கள்ள உபதேசத்துக்குப் போய்விடுவான் என்று எழுதினார். பவுலும் கொரிந்து சபைக்கு இதைத்தானே சொன்னார்? அவனுக்கு நேரிட்ட தண்டனை போதும், இனி மன்னித்து ஆறுதல் சொல்லுங்கள், அவன் துக்கத்தில் மூழ்கிப்போகக்கூடாது, சாத்தான் நம்மை மோசம்போக்க இடம் கொடுக்கக்கூடாது என்றார் (2 கொரி. 2:6-11). சாத்தான் ஒருவனைப் பாவத்தினாலும் பிடிப்பான்; அது தப்பினால் அதிக துக்கத்தினாலும் பிடிப்பான். இரண்டும் அவனுக்கு வலைதான்.

6. கேட்டுப் பார்த்தார்கள்

251-ம் ஆண்டு ஆப்பிரிக்காவின் கண்காணிகள் கார்த்தேஜில் கூடினார்கள். வேதத்தை இரண்டு பக்கமும் நீண்ட நேரம் ஆராய்ந்தார்கள். எல்லாரையும் உள்ளே விடு என்றும் சொல்லவில்லை, எல்லாரையும் வெளியே தள்ளு என்றும் சொல்லவில்லை. ஒவ்வொருவனும் எப்படி விழுந்தான், ஏன் விழுந்தான் என்று தனித்தனியாக விசாரிக்கத் தீர்மானித்தார்கள். சீட்டு மாத்திரம் வாங்கி, பிறகு உணர்ந்து அழுதவர்களை விசாரித்துச் சேர்த்துக்கொண்டார்கள். பலியிட்டவர்கள் நீண்ட நாள் மனந்திரும்பிக் காத்திருக்க வேண்டும். மரணத் தருவாய் வந்தால் அவர்களைக் கைவிடக்கூடாது என்றார்கள்.

சிப்ரியான் ஒரு கடிதத்தில் எழுதுகிற வித்தியாசத்தைப் பாருங்கள். கூப்பிடுமுன்னே ஓடிப்போய்ப் பலியிட்டவன் ஒருவன். ரொம்ப நாள் போராடித் தோற்றுப்போனவன் இன்னொருவன். மனைவியையும் பிள்ளைகளையும் வீட்டாரையும் இழுத்துக்கொண்டு போனவன் ஒருவன். அவர்கள் தப்பட்டும் என்று தான் ஒருவனே போய் விழுந்து, வீட்டில் அடைக்கலம் தேடின சகோதரரையும் காப்பாற்றினவன் இன்னொருவன். இவர்களை ஒரே தராசில் வைக்கலாமா என்று கேட்கிறார். பாவம் பாவம்தான். ஆனால் காயம் எல்லாம் ஒரே மாதிரிக் காயம் இல்லை. ஒரே மருந்தும் இல்லை.

போனா என்று ஒரு சகோதரி. அவளைப் புருஷனே பலிபீடத்துக்கு இழுத்துக்கொண்டு போனான். மற்றவர்கள் அவள் கையைப் பிடித்து, அவள் கையாலேயே பலியிடச் செய்தார்கள். இதை நான் செய்யவில்லை, நீங்கள்தான் செய்தீர்கள் என்று அவள் கதறினாள். அவளை நாடுகடத்தினார்கள். கால்தோனியு என்ற கண்காணி அவளைப் பற்றிச் சிப்ரியானுக்கு எழுதினார். அதே கடிதத்தில் பேலிக்ஸ், அவர் மனைவி விக்டோரியா, லூசியு என்ற மூன்று பேரைப் பற்றியும் எழுதினார். முதல் தடவை பலியிட்டு விழுந்தவர்கள். இரண்டாம் தடவை விசாரணை வந்தபோது எழுந்து நின்று கிறிஸ்துவை அறிக்கையிட்டு, ஆஸ்தி எல்லாம் இழந்து நாடுகடத்தப்பட்டார்கள். காஸ்தூஸ், எமிலியு என்ற இருவர் முதலில் தோற்று, அடுத்த முறை நெருப்பையே ஜெயித்தார்கள் என்றும் சிப்ரியான் எழுதுகிறார்.

252, 253-ம் ஆண்டு வாக்கில், மறுபடியும் உபத்திரவம் வரும்போல் தெரிந்தது. அப்போது கண்காணிகள் கூடி, உண்மையாய் மனந்திரும்பிக் காத்திருக்கிற எல்லாரையும் இப்போதே சேர்த்துக்கொள்ளுங்கள் என்றார்கள். ஏன் தெரியுமா? நாளைக்குக் கர்த்தருக்காக இரத்தம் சிந்தப் போகிறவனுக்கு இன்றைக்குக் கர்த்தருடைய பாத்திரத்தைக் கொடுக்காமல் எப்படி யுத்தத்துக்கு அனுப்புவது என்பதுதான் அவர்களுடைய கேள்வி. பட்டினி போட்டு ஒருவனைப் போர்ச்சேவகன் ஆக்க முடியுமா? முடியாதே!

7. அழுத சகோதரன்

இந்தப் பாடத்தை ஆயத்தம் பண்ணும்போது என்னை உடைத்தது ஒரு கடிதம். செலெரின் என்ற வாலிபன் எழுதியது. ரோமாபுரியில் பிடிபட்டு, 19 நாள் காலில் தொழுமரமும் இரும்புமாய்ச் சிறையிலே கிடந்து, மறுதலிக்காமல் வெளியே வந்தவன். வல்லமையான சாட்சி! மேடை ஏறியிருக்கலாம். ஆனால் அவனோ தன் சிறையைப் பற்றி எழுதவில்லை. பலியிட்டு விழுந்துபோன தன் சகோதரியைப் பற்றி எழுதுகிறான். உயிர்த்தெழுந்த பண்டிகையின் சந்தோஷ நாட்களில்கூட இரட்டிலும் சாம்பலிலும் இரவும் பகலும் அழுதேன் என்கிறான்.

அவனுடைய சகோதரிகள் என்ன செய்துகொண்டிருந்தார்கள் தெரியுமா? கார்த்தேஜிலிருந்து ரோமாபுரிக்கு வந்த 65 சாட்சிகளைத் துறைமுகத்துக்கே போய் வரவேற்று, வீட்டில் வைத்துப் பணிவிடை செய்துகொண்டிருந்தார்கள். திருவிருந்தில் இடம் இல்லை. ஆனாலும் சமையற்கட்டில் கர்த்தருக்குச் சேவை செய்கிறார்கள்.

நின்றவன் விழுந்தவளைக் கேவலமாய்ப் பார்க்கவில்லை. அவளுக்காக அழுதான். ஆவிக்குரியவன் எப்படித் தெரிவான் என்பதற்குக் கலாத்தியர் 6:1-ஐ வாசித்துப் பாருங்கள். விழுந்தவனைச் சாந்தமுள்ள ஆவியோடே சீர்பொருந்தப்பண்ணுகிறவனே ஆவிக்குரியவன்.

8. ஓடினவர் நின்றார்

252-ம் ஆண்டு வாக்கில் கார்த்தேஜில் கொள்ளைநோய் பரவியது. ஜனங்கள் தங்கள் வீட்டு வியாதிக்காரரையே தெருவில் தள்ளினார்கள். சிப்ரியான் சபையைக் கூட்டி, நம்மவர்களுக்கு மட்டும் இல்லை, நம்மைப் பகைத்தவர்களுக்கும் நன்மை செய்யுங்கள் என்று அனுப்பினார்.

257-ம் ஆண்டு வலேரியன் இராயன் காலத்தில் மறுபடியும் உபத்திரவம். ஆகஸ்ட் 30-ம் தேதி தேசாதிபதி பத்தேர்னுஸ் முன்பாகச் சிப்ரியான் நின்றார். உன் மூப்பர்களின் பேரைச் சொல் என்று கேட்டான். காட்டிக்கொடுப்பதை உங்கள் சட்டமே தடுக்கிறதே என்று மறுத்துவிட்டார். கூரூபிஸ் என்ற கடற்கரை ஊருக்கு நாடுகடத்தினார்கள். ஒரு வருஷத்துக்குப் பின் திரும்பிவந்து தன் தோட்டத்தில் இருந்தார். இதற்குள், கண்காணிகளையும் மூப்பர்களையும் உதவிக்காரரையும் கொன்றுபோடும்படி புதிய கட்டளை வந்துவிட்டது.

புதிய தேசாதிபதி கலேரியு மாக்சிமுஸ் அவரை உத்திகா என்ற வேறு ஊருக்குக் கொண்டுபோகப் பார்த்தான். சிப்ரியான் இரண்டாம் தடவையும் மறைந்துகொண்டார். இந்தத் தடவை எதற்கு? ஒரு கண்காணி தன் சொந்தச் சபை ஜனத்தின் நடுவில் சாட்சி கொடுத்து மரிக்க வேண்டும், வேறு ஊரில் இல்லை என்று எழுதிவைத்தார். தேசாதிபதி கார்த்தேஜுக்கு வந்தபோது, அவரும் தன் தோட்டத்துக்குத் திரும்பி வந்து உட்கார்ந்துகொண்டார்.

258-ம் ஆண்டு செப்டம்பர் 13-ம் தேதி பிடித்தார்கள். அன்றிரவு ஒரு அதிகாரியின் வீட்டில் காவல். சபை ஜனம் முழுவதும் வாசலிலேயே விடிய விடிய நின்றது. அவரோ, கூட்டத்தில் இருக்கிற பெண்பிள்ளைகளைப் பத்திரமாய்ப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று உள்ளேயிருந்து சொல்லியனுப்பினார். நாளைக்கு மரிக்கப் போகிறவர்!

மறுநாள் விசாரணைக்கு வந்தபோது வியர்வையில் வஸ்திரம் நனைந்திருந்தது. காவலரில் ஒருவன், வேறு உடை தருகிறேன், மாற்றிக்கொள்ளுங்கள் என்றான். இன்றைக்கே தீர்ந்துபோகிற உபத்திரவத்துக்கு மருந்து எதற்கு என்று பதில் சொன்னார். அந்தக் காவலன் யார் தெரியுமா? முன்னே கிறிஸ்தவனாய் இருந்தவன் என்று அவருடைய உதவிக்காரரான பொந்தியு எழுதிவைத்திருக்கிறார். கடைசி நாளிலும் விழுந்துபோன ஒருவன்தான் அவர் கிட்டே வந்து நிற்கிறான். இவரிடம் வரலாம் என்று அவனுக்குத் தெரிந்திருக்கிறது.

பலியிடு என்றான் தேசாதிபதி. மாட்டேன் என்றார். பட்டயத்தால் வெட்டும்படி தீர்ப்பு. தேவனுக்கு ஸ்தோத்திரம் சொன்னார். எங்களையும் அவரோடே வெட்டுங்கள் என்று ஜனங்கள் சத்தமிட்டார்கள். மரங்கள் சூழ்ந்த ஒரு வெளியில், மேலங்கியைக் கழற்றி, முழங்கால்படியிட்டு ஜெபித்தார். தன்னை வெட்டப்போகிறவனுக்கு 25 பொற்காசு கொடுக்கச் சொன்னார். தன் கண்ணைத் தானே கட்டிக்கொண்டார். ஜனங்கள் அவர் முன்பாகத் துணிகளை விரித்தார்கள். செப்டம்பர் 14-ம் தேதி அவர் இரத்தம் சிந்தப்பட்டது. இராத்திரியில் தீவட்டி பிடித்து, ஜெயித்தவனைக் கொண்டுபோகிறது போல அடக்கம்பண்ணினார்கள்.

அவர் சொன்ன எல்லா உபதேசமும் நமக்குச் சம்மதம் என்று நான் சொல்லவில்லை. அவரும் மனுஷன்தான். ஆனால் ஓடினவன் என்று பேர் வாங்கினவர் நின்றார். விழுந்தவர்களுக்குக் கை கொடுத்தவர் விழவில்லை.

9. என் அறிக்கை

இப்போது நான் சொல்லவேண்டியதைச் சொல்லுகிறேன். சம்பந்தப்பட்ட சகோதரனின் சம்மதத்தோடுதான் எழுதுகிறேன்.

ஆறு வருஷத்துக்கு முன் நம் ஐக்கியத்தில் இருந்த ஒரு சகோதரனின் தகப்பனார் இறந்துபோனார். இவர் மூத்த மகன். நீ கொள்ளி வைக்காவிட்டால் பிணம் எடுக்கமாட்டோம் என்று பங்காளிகள் சுற்றி நின்றுவிட்டார்கள். தாயார் காலில் விழுந்து அழுதார்கள். ஒரு பகல் முழுக்கத் தாக்குப்பிடித்தார். கடைசியில் மொட்டையடித்து, சடங்கெல்லாம் செய்துவிட்டார். ரோம இராயனும் இல்லை, பட்டயமும் இல்லை. ஆனாலும் அவருக்கு அது பெரிய அக்கினிதான்.

அடுத்த ஞாயிறு மொட்டைத் தலையோடு வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்தார். நான் அன்றைக்கு லோத்தின் மனைவியைப் பற்றிப் பிரசங்கித்தேன். அவரைப் பார்த்தே பிரசங்கித்தேன். அப்பத் தட்டு அவர் அருகில் போனபோது, தாண்டிப் போங்கள் என்று கண்ஜாடை காட்டினேன். ஆராதனை முடிந்து அவர் கிட்ட நான் போகவே இல்லை. அடுத்த வாரம் அவர் வரவில்லை. பதர் பறந்துபோயிற்று என்று வேறு சொன்னேன். கர்த்தர் என்னை மன்னிப்பாராக.

போன மாதம் செலெரின் கடிதத்தைப் படித்துவிட்டு எழும்பி அவர் வீட்டுக்குப் போனேன். சகோதரி காபி கொடுத்தார்கள். நான் மன்னிப்புக் கேட்டேன். அவர் கொஞ்ச நேரம் பேசாமலே இருந்தார். பிறகு சொன்னார்: "பாஸ்டர், அன்னிக்கு நீங்க என்னைத் திட்டியிருந்தாக்கூட நான் இருந்திருப்பேன். என்ன நடந்துச்சுன்னு ஒரு வார்த்தை கேக்கலையே."

கார்த்தேஜில் அவர்கள் கேட்டார்கள். நான் கேட்கவில்லை. திருவிருந்தில் காத்திருக்கச் சொன்னது தப்பு என்று நான் சொல்ல வரவில்லை. காத்திரு என்று சொல்லியிருக்கலாம், கூட உட்கார்ந்து அழுதிருக்கலாம், இத்தனை நாளில் கை கொடுத்து எழுப்பியும் இருக்கலாம். நானோ கதவைப் பூட்டிவிட்டு அதற்குப் பரிசுத்தம் என்று பேர் வைத்தேன்.

அவர் இன்னும் சபைக்கு வரவில்லை. வருவேன் என்றும் சொல்லவில்லை. அவருக்காக ஜெபியுங்கள். ஒரு ஞாயிறு அவர் வந்தால், யாரும் திரும்பிப் பார்த்துக் காதோடு காது பேசாமல், நகர்ந்து பாயில் இடம் கொடுங்கள்.

தேவ ஜனமே, இதை வாசிக்கிற உங்களில் யாராவது விழுந்துபோய், இனிமேல் எனக்கு இடமில்லை என்று வெளியே நின்றால், பேதுருவைப் பாருங்கள். அவன் மறுதலிக்கப் போகிறதை அறிந்தும், அதற்கு முன்பே அவனுக்காக ஆண்டவர் வேண்டிக்கொண்டார். நீ திரும்பினபின் உன் சகோதரரைத் திடப்படுத்து என்று வேலையும் கொடுத்துவைத்தார் (லூக்கா 22:32). மனங்கசந்து அழுதவனுக்கு வாசல் திறந்திருக்கிறது. வாருங்கள்.

குடும்ப ஜெபத்தில் சிந்திக்க:

1. என் வீட்டில், என் தெருவில், சபைக்கு வருவதை நிறுத்திவிட்டவர் யார்? ஏன் என்று நான் கேட்டேனா?
2. மனந்திரும்பாமலே சீட்டு வாங்கி உள்ளே வர நான் பார்க்கிறேனா?
3. இன்னொருவன் விழுந்ததைக் கேட்டு நான் கடைசியாக அழுதது எப்போது?

கர்த்தர் உங்களை ஆசீர்வதித்து, தீங்கு நாளில் நிற்கவும், விழுந்தவரைத் தூக்கவும் பெலன் தருவாராக. ஆமென்.

கிறிஸ்துவின் பணியில்,
உங்கள் சகோதரன்